சிங்கப்பூரிலிருந்து வந்துகொண்டே இருந்த உருண்டை

தமிழ் விக்கிப்பீடியாவைத் திறந்தால் மூலையில் ஒரு வெள்ளை உருண்டை தெரியும். புதிர்த் துண்டுகளைச் சேர்த்துச் செய்த பூகோளம். உச்சியில் சில துண்டுகள் இன்னும் சேரவில்லை. துண்டுக்கு ஓர் எழுத்து. 2010இல் திருத்தி வரைந்த இந்த உருவத்தில், வலது ஓரத்தில் நம்முடைய ‘வி’யும் உட்கார்ந்திருக்கிறது. செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவின் எடையில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது இந்தப் படம். அது புளியந்தோப்பில் ஒரு வீட்டுக்கு வந்து, தங்க இடமில்லாமல் நாலு மாதம் அலைந்த கதை இது.

விக்கிமீடியாவின் முதன்மைக் கணினிகள் அமெரிக்காவில், வர்ஜீனியாவிலும் டெக்சாஸிலும் இருக்கின்றன. இங்கிருந்து கேட்கிற ஒவ்வொரு படத்துக்கும் அவ்வளவு தூரம் போய்வந்தால் கட்டுப்படியாகாது. அதனால் ஆசியாக்காரர்களுக்காக 2018இல் சிங்கப்பூரில் ஓர் இடைக்கிடங்கு திறந்தார்கள். உருண்டையின் பிரதி அங்கே தயாராக இருக்கும். சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் நடுவே கடலடியில் கண்ணாடி இழைக் கம்பிகள் கிடக்கின்றன. 2002இல் போட்ட ஐ2ஐ கம்பியின் நீளம் மட்டும் 3,200 கிலோமீட்டர். அப்படியொரு கம்பியில் ஏறிக் கரைசேர்ந்து, செல்போன் டவரில் தாவி, என் அக்கா மகள் போனின் ஹாட்ஸ்பாட் வழியாக அவளுடைய லேப்டாப்புக்கு உருண்டை வந்து சேரும். கண்ணிமைக்கும் நேரம்தான்.

அந்த லேப்டாப் அரசு கொடுத்தது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூ படித்தபோது வாங்கியது. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. பாஸ் லினக்ஸ் வேறெங்கோ பிறந்ததில்லை, சென்னை சி-டாக்கில் உருவானது, அடித்தளம் டெபியன். நாளாவட்டத்தில் ஹார்ட் டிஸ்க் முனக ஆரம்பித்ததும், ரிச்சி தெருவில் ஓர் எஸ்எஸ்டி வாங்கி மாட்டி, டெபியனையே நேராகப் போட்டுக் கொடுத்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “இன்னா மாமா, டெய்லி ஒன்ற ஜிபி, மத்தியானத்துக்குள்ள காலி. நீ டிஸ்க்கு மாத்துனதுக்கு அப்புறம்தான் இப்படி.”

டிஸ்க்குக்கும் டேட்டாவுக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

முதலில் தானாக ஓடும் வீடியோக்களைச் சந்தேகப்பட்டேன், இல்லை. டிஸ்க் நிரம்பிவிட்டதோ என்று பார்த்தேன், பாதிக்குமேல் காலி. கடைசியில் ஃபயர்ஃபாக்ஸின் முகவரிப் பட்டையில் ‘அபௌட்’ போட்டு, முக்காற்புள்ளி வைத்து, ‘கேச்’ என்று அடித்தேன். பிரவுசர் தன் சேமிப்புக் கணக்கைத் தானே விரித்துக் காட்டும் பக்கம் அது. நினைவகத்தில் சில நூறு பொருள்கள். டிஸ்க்கில் பூஜ்யம்.

பிரவுசர் ஒரு படத்தை ஒருமுறை வாங்கினால் டிஸ்க்கில் ஒரு பிரதி போட்டுவைக்கும். அடுத்த முறை அதையே எடுத்துக்காட்டும். கெடு தாண்டியிருந்தால் ‘இது மாறிவிட்டதா?’ என்று மட்டும் சர்வரைக் கேட்கும். மாறவில்லை என்பதற்கு 304 என்ற எண் பதிலாக வரும், படம் வராது. இங்கே டிஸ்க்கில் எதுவும் இல்லாததால், பிரவுசரை மூடித் திறக்கும்போதெல்லாம் உருண்டை மறுபடி சிங்கப்பூரிலிருந்து கிளம்பியிருக்கிறது. அது ஒன்றே என்றால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் தினமும் பார்க்கும் செய்தித் தளங்கள், வகுப்புத் தளங்கள் எல்லாவற்றின் படங்களும் எழுத்துருக்களும் ஸ்கிரிப்டுகளும் அதேபோல் மூட்டைமூட்டையாகத் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன.

ஏன் இடமில்லை? லினக்ஸில் இதற்கென்று வீட்டு அடைவுக்குள் ‘கேச்’ என்றே ஒரு கோப்புறை உண்டு. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி இருப்பதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. மறைந்தவற்றையும் காட்டச் சொல்லிப் பட்டியல் எடுத்தேன். உரிமையாளர் பத்தியில் அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ரூட்’ என்றிருந்தது.

குற்றவாளி நான்தான். பழைய டிஸ்க்கிலிருந்து அவளுடைய கோப்புகளை சூப்பர் யூசராக, அதாவது ரூட்டாக, நின்று நகலெடுத்தேன். ரூட் நகலெடுத்தால், தனியாகச் சொல்லாதவரை, நகல்கள் ரூட்டுக்கே சொந்தம். அது தெரிந்துதான், பிறகு எல்லாவற்றையும் அவள் பேருக்கு மாற்ற, நட்சத்திரக் குறி போட்டு ஒரே கட்டளை கொடுத்தேன். அந்த நட்சத்திரம் புள்ளியில் தொடங்கும் பெயர்களைத் தொடாது. ப்ரொஃபைலைத் திறக்க முடியவில்லை என்று ஃபயர்ஃபாக்ஸ் அன்றைக்கே முரண்டுபிடித்தது. அந்தக் கோப்புறையை மட்டும் சரிசெய்தேன். தடுக்கி விழுந்த இடத்தில் எல்லாம் கல்லை எடுத்துப் போட்டேன். கேச் கோப்புறை யாரையும் தடுக்கவில்லை. பிரவுசர் கதவைத் தட்டிப் பார்த்து, பூட்டியிருக்கவும், புகார்கூடச் சொல்லாமல் நினைவகத்தை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தது. இந்த மரியாதைதான் ஆபத்து.

பேசின் பிரிட்ஜ் பக்கம் சால்ட் கொட்டார்ஸ் என்று ரயில்வே சரக்கு முனையம் இருக்கிறதே, உப்புக் கிடங்குகள் இருந்த இடம் என்பதால் வந்த பெயர் அது. கிடங்குச் சாவியை யாரோ எடுத்துப்போய்விட, வந்த உப்பையெல்லாம் வாசலிலேயே கொட்டி, அன்றன்றைக்கு வாரிவிட்ட மாதிரிதான் இது.

புள்ளிக் கோப்புறையின் பெயரைச் சொல்லி, உள்ளே இருப்பது அத்தனையும் சேர்த்து அவள் பேருக்கு மாற்றினேன். ஒரு வரிதான். உள்ளே எட்டிப் பார்த்தபோதுதான் சிரிப்பு வந்தது. பழைய டிஸ்க்கிலிருந்து நான் வாரிப்போட்டதில் பழைய கேச்சும் வந்திருந்தது. ஃபயர்ஃபாக்ஸ் எந்தப் பொருளையும் அதன் சொந்தப் பெயரில் வைக்காது. முகவரியைச் சுருக்கக் கணக்கில் போட்டு, 40 எழுத்தும் எண்ணும் கலந்த பெயர் சூட்டும். அப்படியொரு பெயரில், நாலு மாதமாகப் பூட்டிய அறைக்குள் அதே உருண்டை, அதே ‘வி’யோடு இருந்தது. அதன் நகல்கள்தான் தினமும் கடல் தாண்டி வந்து வாசலோடு போய்க்கொண்டிருந்தன.

விக்கிப்பீடியாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து காட்டினேன். கணக்குப் பக்கத்தில் டிஸ்க் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது.

“அப்ப நாலு மாச நெட்டு?” என்றாள்.

அடுத்த ரீசார்ஜ் என் கணக்கில் போனது.