மெசினாவில் ஒரு முள்

காலில் தைத்த முள்ளை எடுக்காமல் விட்டால் மறுநாள் அவ்விடம் சிவக்கும், வீங்கும், தொட்டால் சுடும். பிறகு சீழ் கோக்கும். இதை நோய் என்றே நாம் எண்ணுகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்களில் பெரும்பாலோரும் அப்படித்தான் எண்ணினர். வெள்ளணுக்களுக்குள் கிருமிகள் கிடப்பதை நுண்ணோக்கியில் அவர்கள் கண்டதுண்டு. ஆயினும் அவ்வணுக்கள் கிருமிகளைச் சுமந்து சென்று உடலெங்கும் பரப்புகின்றன என்பதே அவர்களது முடிவு. காவலனைக் கள்வன் என்று தீர்த்துவிட்டார்கள்.

அத்தீர்ப்பை மாற்றியவர் மருத்துவர் அல்லர், விலங்கியலாளர். இன்றைய உக்ரைனின் கார்கிவ் பகுதியில் 1845இல் பிறந்த இலியா மெச்னிகாஃப். வாழ்வில் அவருக்குப் பெரும் பற்று இருந்ததாகவும் சொல்வதற்கில்லை. முதல் மனைவி காசநோயில் இறந்த 1873இல் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். இரண்டாம் மனைவி ஓல்கா டைஃபாய்டில் கிடந்த பிறகு, கொடுங்காய்ச்சல் ஒன்றின் கிருமியைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். இருமுறையும் பிழைத்தார், மனம் சொன்னதை உடல் கேட்கவில்லை. 1882இல் ஒடெசா பல்கலைக்கழகப் பதவியைத் துறந்து, சிசிலித் தீவின் மெசினாவுக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே ஒருநாள் குடும்பத்தார் குரங்குகளின் வித்தை காணச் சர்க்கஸுக்குப் போயிருந்தனர். தனித்திருந்த மெச்னிகாஃப், நட்சத்திரமீனின் இளவுயிரியை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போன்ற உடல். உள்ளே அலைந்து திரியும் செல்கள். இரையை விழுங்கும் இச்செல்கள், அயலிலிருந்து புகும் பகையையும் எதிர்கொள்ளுமோ என்று திடீரெனத் தோன்றியது. அப்படியானால் முள்ளொன்று தைத்தால் அவை சூழ்ந்துகொள்ள வேண்டுமே! சில நாள்களுக்கு முன் குழந்தைகளுக்காக டேஞ்சரின் செடியொன்றைக் கிறிஸ்துமஸ் மரமாக அலங்கரித்திருந்த அதே தோட்டத்தில் ரோஜா முட்களைப் பறித்து வந்து, இளவுயிரிகளின் தோலுக்கடியில் செருகினார். அன்றிரவு உறக்கமில்லை. விடிந்து பார்த்தால், முட்களைச் செல்கள் மொய்த்திருந்தன.

இதைப் பல ஆண்டுகள் கழித்து அவரே எழுதினார். ஒரே பொழுதில் ஒரு கொள்கை முழுமையாகப் பிறந்ததென்பதில் நமக்குச் சற்று ஐயம் உண்டு. செல்கள் இரை விழுங்குவதை அவர் அதற்கு முன்பே ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். நினைவு கதையைச் செப்பனிட்டிருக்கலாம். ஆனால் சோதனையின் கூர்மையில் ஐயமில்லை. அழற்சி என்பது இரத்தக்குழாய்களின் கோளாறு என்று அன்று கற்பிக்கப்பட்டது. அந்த இளவுயிரிக்கோ இரத்தக்குழாயே இல்லை.

அச்செல்லுக்கு 'விழுங்கும் செல்' என்று பொருள்படும் ஃபாகோசைட் என்ற கிரேக்கப் பெயர் அமைந்தது. 1884இல் நீர்த்தெள்ளுகளைக் கொண்டு அடுத்த சான்றை அளித்தார். ஊசி போன்ற பூஞ்சை வித்துகளைச் செல்கள் தின்று தீர்த்தால் தெள்ளு பிழைத்தது, தவறினால் மாண்டது.

ஜெர்மானிய அறிஞர்கள் ஏற்கவில்லை. 1890இல் பெஹ்ரிங்கும் கிட்டசாட்டோவும் குருதிநீரே நஞ்சை முறிக்கும் என்று காட்டியபோது வழக்கு முடிந்ததாகவே பலர் நினைத்தனர். பாரிஸில் பாஸ்டர் அளித்த ஆய்வகத்தில் இருந்துகொண்டு மெச்னிகாஃப் விடாது வாதாடினார். குருதிநீரிலுள்ள பொருள்கள் கிருமிமேல் படிந்தால் விழுங்குவது எளிதாகிறது என்று 1903இல் லண்டனில் ஆல்ம்ரோத் ரைட் காட்டினார். அதாவது இரு கட்சியிலும் உண்மை இருந்தது. 1908இல் நோபல் குழு பரிசை மெச்னிகாஃபுக்கும் எதிர்முகாமின் பால் எர்லிக்குக்கும் பகிர்ந்தளித்தது.

அதன் பிறகு வந்தது நீண்ட மறதி. எதிர்ப்பொருள்களின் ஆய்வே மேடையை நிறைத்தது. விழுங்கும் செல் குப்பை கூட்டும் பணியாளாகக் கருதப்பட்டது. ஆனால் தடுப்பூசி தயாரிப்போரை ஒரு சங்கடம் உறுத்திக்கொண்டே இருந்தது. தூய்மையாகப் பிரித்தெடுத்த புரதத்தை மட்டும் செலுத்தினால் எதிர்ப்பொருள் சரிவரத் தோன்றுவதில்லை. படிகாரச் சேர்மமோ கொன்ற கிருமியோ சேர்த்தால்தான் உடல் விழிக்கிறது. இச்சங்கடத்தை மறைக்காமல் எடுத்துப் பேசியவர் சார்லஸ் ஜேன்வே. கிருமிகளுக்கே உரிய பொது அடையாளங்களைக் கண்டறியும் ஏற்பிகள் முதற்காவலரிடம் இருக்க வேண்டும், அவர்கள் குரல் எழுப்பாமல் மற்ற படை நகராது என்று 1989இல் அவர் ஊகித்தார்.

1996இல் ஸ்ட்ராஸ்பூர்கில் ஜூல்ஸ் ஹாஃப்மனின் குழு, 'டோல்' என்னும் மரபணு பழுதுற்ற பழ ஈக்களைப் பூஞ்சைக்கு உட்படுத்தியது. அவை உடலெங்கும் பூஞ்சை இழை போர்த்து மாண்டன. இரண்டாண்டில் ப்ரூஸ் பாய்ட்லரின் குழு அதே குடும்பத்து ஏற்பியை எலியில் அடையாளம் கண்டது. பாக்டீரியாவின் மேலுறைப் பொருளை உணர்வது அதுவே. மனிதரிடமும் அந்த ஏற்பி உண்டு. ஹாஃப்மனும் பாய்ட்லரும் 2011இல் நோபல் பரிசில் பாதியைப் பெற்றனர். ஜேன்வே 2003இலேயே காலமாகியிருந்தார்.