புள்ளி போடுகிற கை யாருடையது?

இடஒதுக்கீட்டை எதிர்த்துப் பேசுகிறவர்கள் எல்லா வாதமும் தீர்ந்த பிறகு கடைசியாக வந்து நிற்கிற இடம் விளையாட்டு மைதானம். “ஓட்டப்பந்தயத்துல கோட்டா உண்டா? அங்க ஜெயிச்சவன் ஜெயிச்சவன்தானே?” என்பார்கள். நம்ம பிள்ளைகளும் பதில் தெரியாமல் தலை குனிந்துவிடுகிறார்கள். சரி, மைதானத்துக்கே போவோம். உடம்போடு உடம்பு மட்டுமே மோதுகிற குஸ்தி கோதாவுக்கே போவோம்.

கஷாபா தாதாசாகேப் ஜாதவ் 1926இல் மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தில், கராடு அருகே கோலேஷ்வர் என்ற கிராமத்தில் பிறந்தவர். அப்பாவும் பயில்வான். கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியில் படிக்கும்போதே பெயர் பெற்ற மல்லர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஃபிளைவெயிட் பிரிவில் ஆறாவது இடம். மண் கோதாவில் வளர்ந்த கால்கள் அங்கே மெத்தை விரிப்பில் நின்று வாங்கிய இடம் அது.

கோலாப்பூர் நமக்கு அந்நிய ஊர் அல்ல. 1902இலேயே அரசு வேலையில் பின்தங்கியோருக்கு ஐம்பது விழுக்காடு ஒதுக்கிய சாகு மகாராஜாவின் ஊர். 1920இல் மாண்காவ் மாநாட்டில் அம்பேத்கரை அருகில் வைத்து, இவரே உங்கள் தலைவர் என்று மக்களுக்கு அடையாளம் காட்டியவர் அவர். காஸ்பாக் குஸ்தி மைதானத்தைக் கட்டியவரும் அவரே. இடஒதுக்கீடும் குஸ்தியும் அந்த ஊரில் ஒன்றையொன்று கெடுக்கவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கு ஆள் எடுக்கும் நேரத்தில் சென்னையில் தேசியப் போட்டி நடந்தது. ஜாதவுக்கு ஒரே ஒரு புள்ளி குறைந்தது. நிரஞ்சன் தாஸ் வென்றதாக அறிவித்தார்கள். அதிகாரிகள் வேண்டுமென்றே குறைத்தார்கள் என்பது ஜாதவின் குற்றச்சாட்டு. அவர் பட்டியாலா மகாராஜாவிடம் முறையிட்டார். மறுபடி மோதவிட்டார்கள். தாஸை முதுகு தரையில் படக் கவிழ்த்துவிட்டார் ஜாதவ். புள்ளிக்கு நடுவர் வேண்டும். முதுகு மண்ணில் பட்டதை ஊரே பார்க்கும்.

இதில் சாதி இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. தகுதியை அளக்கிற கோலும் ஒரு மனிதன் கையில்தான் இருக்கிறது என்கிறேன். அதற்கு ஓராண்டு முன்புதான், 1951 ஏப்ரலில், சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. தகுதி இருந்தும் இடம் இல்லை என்று வாதாடியவர்களில் ஒருவர் மயிலாப்பூரில் வாழ்ந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர். வழக்குத் தொடுத்த செண்பகம் துரைராசன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது அந்த வழக்கிலேயே வெளிவந்தது. விண்ணப்பம் போடாதவரின் தகுதி உச்ச நீதிமன்றம் வரை போனது. பெரியாரும் தமிழ்நாட்டு மக்களும் தெருவில் இறங்கிய பிறகே, அதே 1951இல் முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்தது.

ஹெல்சிங்கிக்குப் போகப் பணம்? பம்பாய் முதலமைச்சர் மொரார்ஜி தேசாயிடம் கேட்டதற்கு, போட்டி முடிந்து வா என்ற பதிலே வந்ததாம். கல்லூரி முதல்வர் கர்டேகர் தன் வீட்டை அடகு வைத்து 7,000 ரூபாய் தந்தார். கிராமத்து ஜனங்கள் கையிலிருந்ததைப் போட்டார்கள்.

ஹெல்சிங்கியில் பேண்டம்வெயிட் பிரிவு. ஜப்பானின் இஷீயோடு நீண்ட நேரம் மல்லுக்கட்டித் தோற்றவுடனே சோவியத் மல்லர் மம்மத்பெயோவோடு மோதச் சொன்னார்கள். இரண்டு மோதலுக்கு நடுவே அரை மணி ஓய்வு விதியிலேயே உண்டு. அதைக் கேட்க இந்திய அதிகாரி ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லை. களைத்த உடம்போடு இறங்கித் தோற்றார். கிடைத்தது வெண்கலம். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அதுதான். அடுத்தது வர 1996 வரை, 44 ஆண்டு ஆனது.

கராடு ஜனங்கள் 151 மாட்டுவண்டி கட்டி அவரை அழைத்துப் போனார்கள். அரசாங்கம்? 1955இல் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் வேலை. ஓய்வூதியத்துக்கு அலைந்தார். 1984இல் சாலை விபத்தில் இறந்தார். அர்ஜுனா விருது செத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆன பின்தான் வந்தது. உயிரோடு இருந்தவரை பத்ம விருது எதுவும் இல்லை.

ஆக, திறமை இருந்தால் போதும் என்பது பொய். ஜாதவிடம் திறமை இருந்தது. சென்னையில் அவருக்கு நேர்மையான நடுவர் இல்லை. ஹெல்சிங்கியில் அவருக்காக வாய் திறக்க ஒரு ஆள் இல்லை. ஊர் அறிந்த பயில்வானுக்கே இந்தக் கதி என்றால், வாய்மொழித் தேர்வு அறையில் தனியாக உட்காருகிற சேரிப் பிள்ளைக்கு என்ன கதி? அங்கே முதுகை மண்ணில் சாய்த்துக் காட்ட வழியில்லை. எல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் போடுகிற புள்ளிதான்.

அதனால்தான் நாம் கோதாவில் இறங்குகிற இடத்தை மட்டும் கேட்கவில்லை. தேர்வுக்குழுவில், நடுவர் நாற்காலியில், நீதிபதி இருக்கையில் பங்கு கேட்கிறோம். இனி யாராவது மைதானத்தைக் காட்டித் தகுதி பேசினால் தலை குனியாதீர்கள். ஜாதவின் கதையைச் சொல்லிவிட்டு, புள்ளி போடுகிற கை யாருடையது என்று திருப்பிக் கேளுங்கள்.