அடுப்பேறாத இனிப்பு

சைத்ர மாதத்தின் முதல் நாள் மராத்தியர்களுக்குப் புத்தாண்டு. ‘குடி பாடவா’ என்னும் அந்தப் பண்டிகையன்று வாசலில் பட்டுத்துணி சுற்றிய மூங்கில் கம்பு உயரும். சமையலறையில் பூரி பொரியும். பூரிக்குத் துணையாகத் தட்டில் அமர்வது ஸ்ரீகண்ட். பாலைக் காய்ச்சி உறை ஊற்றியதோடு இந்த இனிப்புக்கான அடுப்பு வேலை முடிந்துவிடுகிறது. மிச்சத்தை ஒரு துணியும் ஓர் இரவும் பார்த்துக்கொள்ளும்.

பண்டிகைக்கு முந்தைய நாள் மாலையில் கெட்டித் தயிரை மெல்லிய பருத்தித் துணியில் முடிந்து தொங்கவிடுவார்கள். விடிவதற்குள் தண்ணீர் வடிந்துவிடும். புளிப்பிலும் ஒரு பங்கு அதனோடு போய்விடும். துணியில் எஞ்சும் வழவழப்பான கட்டிதான் ‘சக்கா’. அதில் சர்க்கரையைக் கலந்து, போளிக்குப் பூரணம் மசிக்கும் சல்லடையில் தேய்த்து, ஏலக்காயும் குங்குமப்பூவும் சேர்ப்பார்கள். மேலே சாரைப்பருப்பு தூவினால் பண்டிகைக்குத் தயார்.

இந்தப் பக்குவம் மிகப் பழையது. 12ஆம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய ‘மானசோல்லாசம்’ அரண்மனை உணவுகளை விரிவாகப் பேசும் சமஸ்கிருத நூல். ‘சிகரிணி’ என்ற பெயரில் தயிர் இனிப்பு அதில் இடம்பெற்றிருக்கிறது. அவனுடைய தலைநகர் இன்று கர்நாடகத்தின் பீதர் மாவட்டத்தில் பசவகல்யாண் என்ற ஊராக இருக்கிறது. மகாராஷ்டிர எல்லை அங்கிருந்து பக்கம்தான். 16ஆம் நூற்றாண்டில் பாவமிச்ரர் எழுதிய ‘பாவப்பிரகாசம்’ என்ற ஆயுர்வேத நூலும் இதை விட்டுவிடவில்லை. பீமன் செய்து கொடுக்க, கண்ணன் சுவைத்தானாம்!

பழம் சேர்ந்த கதை கொங்கணக் கரையைச் சேர்ந்தது. போர்த்துகீசியர் 1510இல் கோவாவைக் கைப்பற்றினார்கள். அவர்கள் காலத்தில் மாமரத்தில் ஒட்டுக்கட்டும் முறை அங்கே பரவியது. கொட்டை போட்டு வளர்த்த மரம் தாய்மரத்தைப் போலவே காய்க்கும் என்று சொல்ல முடியாது. ஒட்டு மரத்திலோ ருசி மாறாது. அப்படி நிலைபெற்ற அல்போன்சா, தளபதி அபோன்சோ டி அல்புகர்க்கின் பெயரைத் தாங்கி ரத்னகிரி, தேவ்கட் செம்மண்ணில் வேரூன்றியது. 2018இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நார் இல்லாத அதன் சதை சக்காவோடு திப்பி இல்லாமல் கலக்கும். அந்தக் கலவைதான் ஆம்ரகண்ட். குடி பாடவா வரும் வேளையில்தான் கொங்கண மாம்பழமும் சந்தைக்கு வரத் தொடங்கும்.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துணியின் இடத்தை இயந்திரம் பிடித்தது. பரோடாவின் சுகம் பால்பண்ணை, சுழற்சி விசையால் தயிர்த் தண்ணீரைப் பிரித்து ஸ்ரீகண்டைப் பெருமளவில் தயாரித்தது. இன்று அது டப்பாவில் அடைத்து ஆண்டு முழுவதும் விற்கப்படுகிறது. ஆனால் சர்க்கரை மிக அதிகம். நீர் நீக்கிய எடையில் 72.5 சதவீதம் வரை சர்க்கரை இருக்கலாம் என்று இந்திய உணவுத் தர விதிகளே இடம் தருகின்றன.

வீட்டுச் சமையலறைக்கு அந்தக் கணக்கு தேவையில்லை. இரவில் தயிரை முடிந்து, குளிர்பெட்டியில் ஒரு வடிகட்டியின் மேல் வைத்துவிட்டால் காலையில் சக்கா தயார். நன்கு கனிந்த மாம்பழத்தையோ சப்போட்டாவையோ மசித்துச் சேர்த்து, இனிப்பைப் பழத்திடமே விட்டுவிடலாம்; பத்தே நிமிட வேலை. இந்த மாம்பழப் பருவத்திலாவது டப்பாவை ஒதுக்கிவிட்டுத் துணியைக் கையில் எடுங்கள்.