பட்டிப்பூவும் சங்குப்பூவும்: துறைமுகக் கரை வளவுக்கு எது உகந்தது?

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த வளவுகளில் பூச்செடி வளர்ப்பது எளிதான காரியமன்று. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடைப்பட்ட மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. எஞ்சிய காலத்தில் வெயிலும், மே மாதமளவில் தொடங்கும் கச்சான் காற்றும் மண்ணில் ஈரத்தைத் தங்கவிடுவதில்லை. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் மணல், கோட்டைப் பக்கத்துக் குன்றுகளில் கல்லும் சரளையும், தம்பலகாமத்தில் வயற்களி. கரையோரக் கிணறுகள் பலவற்றில் நீர் உவராகும். 2004 டிசம்பர் கடல்கோளின்போது கிண்ணியா, மூதூர்ப் பகுதிகளில் கிணறுகளுக்குள் கடல்நீர் புகுந்ததை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் போரினால் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, வேலி முதல் கிணறு வரை யாவற்றையும் மீள அமைத்த குடும்பங்கள் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் ஏராளம். இத்தகைய வளவுக்கு நாள்தோறும் நீரும் உரமும் கேட்கும் ரோஜாவும் அந்தூரியமும் பொருந்துவதில்லை.

அதிகம் கேளாமல் பூப்பவை என்று இரண்டைச் சொல்லலாம். ஒன்று பட்டிப்பூ, தமிழகத்தார் இதனை நித்தியகல்யாணி என்பர். மற்றையது சங்குப்பூ எனப்படும் காக்கணங்கொடி. இரண்டும் பல்லாண்டுத் தாவரங்களே. முன்னது இடுப்பளவுக்கு மேல் உயராத செடி. பின்னது பற்றிப் படரும் கொடி. இரண்டுக்கும் வெயில் வேண்டும். இரண்டும் விதையிலிருந்து இலகுவாக முளைக்கும். ஒற்றுமை ஏறத்தாழ இத்துடன் முடிந்துவிடுகின்றது.

பட்டிப்பூவின் தாயகம் மடகஸ்கார் தீவு. கடல்வழி வணிகத்தோடு வெப்பவலய நாடுகள் எங்கும் பரவிய இச்செடி, கடற்காற்றின் உப்பையும் வறண்ட மணலையும் தாங்கும் ஆற்றலுடையது. ஆண்டு முழுவதும் பூப்பதனாலேயே ‘நித்திய’ என்ற அடைமொழி அதற்குக் கிடைத்தது. கவனிப்பாரற்ற மயானங்களிலும் மையவாடிகளிலும் தானாகவே விதை சிந்திப் பூத்து நிற்பதால், சிங்களத்தில் இதற்குப் பிணத்தோடு தொடர்புபடுத்திய பெயரே வழங்குகின்றது. தமிழிலும் ‘சுடுகாட்டு மல்லிகை’ என்றொரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்காக வீட்டில் வைக்க மறுப்போர் இன்றும் உளர். எந்த மண்ணிலும் பிழைத்துக்கொள்வது செடியின் குற்றமாகாது.

சங்குப்பூவோ தமிழ் இலக்கியத்தில் பழைமை வாய்ந்தது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் மலர்களுள் ஒன்றான கருவிளை, நீலச் சங்குப்பூவே என்பர். சிவ வழிபாட்டுக்கு உகந்த மலர்களுள் இதுவும் ஒன்று. இதன் தாவரவியற் பெயரின் பிற்பகுதி இந்தோனேசியாவின் தெர்னாத்தே தீவிலிருந்து பிறந்தது. மலேசியாவின் கிளந்தான் மாநிலத்து முஸ்லிம் வீடுகளில் ‘நாசி கெராபு’ என்னும் நீலச்சோற்றுக்கு நிறம் கொடுப்பது இப்பூவே. நமது வீடுகளிலும் நோன்பு திறக்கும் வேளைச் சர்பத்துக்கு இதனைப் பயன்படுத்தலாம். கொதிநீரில் இட்ட பூ நீலமாகச் சாயம் இறங்கும். தேசிக்காய்ச் சாறு சில துளி விட்டால் ஊதாவாக மாறும். புளிப்புக்கு ஏற்ப நிறம் மாறும் அந்தோசயனின் என்ற நிறமியே இதற்குக் காரணம். சிறுவர்களுக்கு இதனைவிட எளிய விஞ்ஞானப் பாடம் அமையாது.

வளவின் பயன் என்று பார்த்தால் சங்குப்பூ ஒரு படி மேல் என்பதே எமது கருத்து. இது அவரை இனத்தைச் சேர்ந்தது. வேரிலுள்ள முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்குக் கொண்டுவருகின்றன. ஆண்டுக்கொரு முறை கொடியைக் கத்தரித்துத் தென்னையின் அடியிலோ கத்தரிப் பாத்தியிலோ மூடாக்காக இட்டால் அதுவே பசளை. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு வீட்டுத் தோட்டங்களும் வாடிய காலத்தை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். மேலும் இது நல்ல தீவனம். அவுஸ்திரேலியாவில் மேய்ச்சல் நிலங்களிலேயே விதைக்கிறார்கள். ஆடு வளர்க்கும் கிண்ணியா, மூதூர் வீடுகளுக்கு வேலியிலேயே ஒரு பிடி குழை கிடைக்கும்.

ஆனால் அதே குணம் நகரத்தில் தொல்லையாகிவிடுகின்றது. பிரட்றிக் கோட்டையிலும் நகர வீதிகளிலும் உலவும் புள்ளிமான்கள் திருகோணமலையின் பெருமை. பூந்தோட்டம் வைத்திருப்போருக்கோ அவை விடியற்காலை விருந்தாளிகள். கட்டாக்காலி ஆடுகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மதில் இல்லாத வளவில் சங்குப்பூவின் இளங்கொடி மிஞ்சுவது அரிது. பட்டிப்பூவின் இலையில் கசப்பும் நஞ்சும் இருப்பதால் ஆடும் மானும் பெரும்பாலும் அதனைத் தொடுவதில்லை. ஆகவே வீதியை நோக்கிய திறந்த முற்றத்துக்கும் கடற்கரையை ஒட்டிய மணலுக்கும் பட்டிப்பூ. உள்வேலிக்கும் கிணற்றடிப் பந்தலுக்கும் சங்குப்பூ என்று பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

நஞ்சு என்ற சொல்லை இங்கு மேலெழுந்தவாரியாகப் பயன்படுத்தவில்லை. இக்கட்டுரை எழுத நேர்ந்ததே அதன் பொருட்டுத்தான். பட்டிப்பூவின் பூவையோ இலையையோ வெறும் வயிற்றில் மென்றால், அல்லது அவித்துக் குடித்தால், சீனி வருத்தம் குறையும் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கின்றது. இது நமக்கு மட்டும் உரிய நம்பிக்கையன்று. 1950களில் யமேக்காவிலிருந்து ஒருவர் இதே காரணத்தைக் கூறிக் கனடாவுக்கு இவ்விலைகளை அனுப்பிவைத்தார். மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தில் ரொபேர்ட் நோபிள், சார்ள்ஸ் பியர் ஆகியோர் அவற்றை ஆராய்ந்தனர். இலைச்சாற்றை உட்கொண்ட எலிகளின் குருதிச் சீனியில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை. ஊசி மூலம் ஏற்றப்பட்ட எலிகளோ கிருமித் தொற்றினால் இறந்தன. அவற்றின் வெண்குருதிக் கலங்கள் வீழ்ச்சியடைந்திருந்தமையே காரணம் எனத் தெரியவந்தது. வெண்குருதிக் கலங்களை அழிக்கும் பொருள், அக்கலங்கள் கட்டுமீறிப் பெருகும் புற்றுநோய்க்கு மருந்தாகலாமே என்ற எண்ணம் அங்கிருந்தே பிறந்தது. 1958இல் வின்பிளாஸ்டின் அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தின் ஆய்வில் வின்கிறிஸ்டின் வந்தது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வின்கிறிஸ்டின் இன்றும் உலகெங்கும் முதன்மை மருந்துகளுள் ஒன்று.

இவ்வரலாற்றை அறிந்த சிலர், “புற்றுநோயையே குணமாக்கும் செடி, சீனியைக் குறைக்காதா?” என்று கேட்பதுண்டு. கேள்வியைப் புரட்டிக் கேட்க வேண்டும். கலம் பிரிவதையே தடுத்து நிறுத்தும் பொருளை, அளவு தெரியாமல், நாள்தோறும் அடுப்படியில் அவித்துக் குடிக்கலாமா? ஒரு கிராம் மருந்தைப் பிரித்தெடுக்கப் பல நூறு கிலோ உலர்ந்த இலை வேண்டும் என்பது உண்மையே. அதனால் இரண்டு பூவில் ஒன்றும் ஆகாது என்று வாதிடுவோர், அவ்விலையில் நூற்றுக்கும் மேற்பட்ட வேறு காரப்போலிகள் உண்டென்பதை மறந்துவிடுகின்றனர். வைத்தியசாலையில் வின்கிறிஸ்டின் ஏற்றுகையில் வைத்தியர்கள் அஞ்சிக் கவனிக்கும் பக்கவிளைவு நரம்புச் சேதம்; கைகால் விறைப்பும் எரிவும் அதன் அறிகுறிகள். நெடுநாள் நீரிழிவு நோயாளிக்கு இதே விறைப்பு ஏற்கெனவே இருக்கும். எது நோயினால், எது குடிநீரினால் என்று அவருக்கும் தெரியாது. வைத்தியரிடம் அவர் பெரும்பாலும் சொல்வதுமில்லை. மெட்போர்மின் முதலிய மாத்திரைகளோடு சேர்த்து அருந்தினால் சீனி எதிர்பாராது இறங்கவும் கூடும். கருவுற்ற பெண்கள் இதனைத் தொட்டும் பார்க்கலாகாது. எமது வாசகர்களின் வீட்டுப் பெரியவர்கள் எவரேனும் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டிருந்தால், அடுத்த சிகிச்சை நாளில் அதனை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுமாறு பிள்ளைகள் வற்புறுத்த வேண்டும்.

சங்குப்பூத் தேநீர் இதனின்றும் வேறானது என்பதையும், அதேவேளை அதுவும் மருந்தன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021இல் இப்பூவின் சாற்றை உணவு நிறமூட்டியாக அனுமதித்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையோ 2022இல் உலர்ந்த பூவைத் தேநீராக விற்பது குறித்து ஆட்சேபம் தெரிவித்தது. இடைக்கிடை ஒரு கோப்பை, சோற்றுக்குச் சிறிது நிறம் என்ற பாரம்பரிய அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. விதையும் வேரும் வயிற்றைக் கழியச் செய்வன. சமையலறைக்கு அவை ஆகா. நீலப்பூ குடிக்கலாம் என்று கேள்விப்பட்ட பிள்ளை, பக்கத்தில் நிற்கும் இளஞ்சிவப்புப் பூவையும் பறித்துக் கோப்பையில் இடக்கூடும். இரண்டையும் அருகருகே நடாதிருப்பதற்கு ஆடுமாடுகளைவிட இதுவே பெரிய காரணம்.

நடும் முறை சுருக்கமானது. சங்குப்பூ விதையின் தோல் தடித்தது. ஓர் இரவு நீரில் ஊறவைத்து, செப்டெம்பர் கடைசியில், மழைக்குச் சற்று முன்னதாக, வேலியோரம் ஊன்ற வேண்டும். படர்வதற்குக் கம்பி வலையோ கிளிசறியாக் கதியாலோ போதும். காய்களை முற்றவிடாமல் பறித்து வந்தால் பூ நிற்காது. பட்டிப்பூவுக்கு மாரியே எதிரி: நீர் தேங்கினால் வேர் அழுகி ஒரே வாரத்தில் செடி சரிந்துவிடும். எனவே களிமண் வளவுகளில் மேடை கட்டி மணல் கலந்து நடுவதும், மாரி ஓய்ந்த தை மாதத்தில் நடுவதும் உசிதம். பலர் இதனைப் பூச்சாடியில் வைத்து, அடியில் தட்டும் வைக்கின்றனர். 2017இன் முற்பகுதியில் கிண்ணியாவை டெங்கு எவ்வாறு ஆட்டிப்படைத்தது என்பதை அறிந்தவர்கள் அந்தத் தட்டை அகற்றிவிடுவார்கள். பால் வடியும் இச்செடியைக் கத்தரித்தபின் கையைக் கழுவிக்கொள்ள வேண்டும். வெட்டிய குழையை ஆட்டுப்பட்டிப் பக்கம் எறியாமல் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும்.