உரிமத்திற்கும் இருக்கைக்கும் இடையே: மலாக்காத் தோட்டப்புறத் தமிழரும் விமானித் தொழிலும்

முன்னுரை

மலாக்கா நகருக்கு வடக்கே ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் பத்து பெரண்டாம் விமானத் திடல் அமைந்துள்ளது. பயணிகள் விமானங்கள் இங்கு மிகுதியாக வந்து செல்வதில்லை. எனினும், 1980களில் தொடங்கப்பெற்ற மலேசிய விமானப் பயிற்சிக் கழகம் இத்திடலில் இயங்கி வருவதால், நாட்டின் விமானிகளுள் கணிசமானோர் முதன்முதலில் தனியே வானேறிய இடம் என்னும் சிறப்பு இதற்கு உண்டு. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, டுரியான் துங்கல் முதலான வட்டாரங்களில் பால்மரத்தையும் செம்பனையையும் நம்பி வாழ்ந்த தமிழர்களுக்கு விமானப் பயிற்சி என்பது கடல் கடந்து தேட வேண்டிய ஒன்றன்று; அண்டையில் உள்ளதே. ஆயினும் தோட்டத்து லயத்திலிருந்து விமானியறை வரையிலான தொலைவு நிலப்படத்தில் அளக்கத்தக்கதன்று.

விமானித் தொழிலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் உரிமம் பெறுவதையே இலக்காகக் கருதுகின்றனர். உரிமம் வேறு, விமான நிறுவனத்தில் கிடைக்கும் முதல் வேலை வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தின் இழப்பச்சத்தை யார் சுமந்தனர் என்பதே இத்தொழிலின் சமூக வரலாற்றை உணர்த்தும் கேள்வியாகும். அக்கேள்விக்கான விடை காலந்தோறும் மாறி வந்திருப்பதையும், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மலாக்காத் தோட்டப்புறத் தமிழர் எந்நிலையில் இருந்தனர் என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

உரிமம் என்பது யாது?

அனைத்துலக வான் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, வணிக விமானி உரிமம் பெறக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருத்தல் வேண்டும். ஒப்புதல் பெற்ற தொடர் பயிற்சியாயின் 150 மணி நேரம் போதுமானது. வயது 18 நிறைந்திருக்க வேண்டும். பெருவிமானத்தின் தலைமை விமானியாவதற்கு உரிய உரிமத்திற்கோ 1,500 மணி நேரமும் 21 வயதும் வேண்டும். இவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட நீண்ட தொலைவைப் புதிய விமானி ஒரு நிறுவனத்தின் துணை விமானியாக அமர்ந்தே கடக்க வேண்டியுள்ளது. அந்த வலப்புற இருக்கையே அவருடைய முதல் வேலை. அது கிடைத்த பின்னரும் குறிப்பிட்ட வகை விமானத்தை இயக்குவதற்கான தனித்தகுதியைப் பெற்று, பயணிகளோடு கூடிய பறத்தலில் மேற்பார்வையின்கீழ்ப் பயின்ற பிறகே அவர் முழுமையான துணை விமானியாகிறார்.

உரிமம் பெற்றவர் உடனே வேலை பெற்றுவிடுவதில்லை என்பது இன்று நேர்ந்த புதுமையன்று. அலகாபாத் பறத்தல் கழகத்தில் பயின்று 1947இல் வணிக விமானி உரிமம் பெற்ற பிரேம் மாத்தூர், பெண் என்னும் காரணத்தால் எட்டு நிறுவனங்களால் மறுக்கப்பட்ட பின்னரே ஐதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் நிறுவனத்தில் பணி பெற்றார். அவருடைய தகுதியை உரிமம் மெய்ப்பித்தது. ஆனால் இருக்கையைத் தருவதா இல்லையா என்பதை நிறுவனங்களின் விருப்பமே முடிவு செய்தது. இவ்வேறுபாடு மலாயாவில் வேறு வடிவங்களில் வெளிப்பட்டது.

குடியேற்ற ஆட்சிக்காலம்

மலாயன் ஏர்வேஸ் நிறுவனம் 1937இல் பதிவு செய்யப்பட்டது. எனினும், போரின் காரணமாக அதன் முறையான பயணிகள் சேவை 1947 மே 1ஆம் நாள்தான் தொடங்கியது. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஆகிய நகரங்களுக்குச் சிறு விமானங்கள் பறந்தன. அக்காலத்தில் விமானிகளைப் பயிற்றுவிக்க வேண்டிய கட்டாயம் நிறுவனத்திற்கு இல்லை. இரண்டாம் உலகப் போரில் அரசுச் செலவில் பயிற்சி பெற்ற பிரித்தானிய, காமன்வெல்த் விமானிகள் ஏராளமாக இருந்தனர். பயிற்சியின் செலவைப் போர் ஏற்றுக்கொண்டது எனலாம்.

இதே காலத்தில் தோட்டத் தமிழரின் நிலை யாது? 1910இல் ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்த பின்னர்க் கங்காணி முறை வழியே தமிழர் வந்து சேர்ந்தனர். உதவி பெற்றுக் குடியேறுவதை 1938இல் இந்திய அரசு தடை செய்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் தோட்டங்களில் பள்ளி அமைக்குமாறு நிருவாகத்தைப் பணித்தது. எனினும் அப்பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றன. அவற்றில் பயின்ற பிள்ளை பெரும்பாலும் பெற்றோரின் நிரைக்கே திரும்பினான். கணிதம், இயற்பியல், ஆங்கிலம் என்னும் மூன்று வாயில்களும் நகரத்து ஆங்கிலப் பள்ளிகளிலேயே இருந்தன. விமானித் தொழிலுக்கான போட்டியில் தோட்டத்துப் பிள்ளை தோற்றான் என்று கூறுவதற்கில்லை. அப்போட்டி நடக்கும் களத்திற்கே அவன் வந்து சேரவில்லை.

தேசிய நிறுவனத்தின் காலம்

1963இல் மலேசியன் ஏர்வேஸ் எனப் பெயர் மாறிய நிறுவனம், பின்னர் மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஆகி, 1972 அக்டோபரில் இரண்டாகப் பிரிந்தது. மலேசியாவிற்கு மாஸ் எனச் சுருக்கமாக வழங்கப்பெற்ற தேசிய நிறுவனம் உருவாகியது. அயல்நாட்டு விமானிகளின் இடத்தில் உள்நாட்டாரை அமர்த்துவது தேசியக் கொள்கையின் ஒரு கூறாயிற்று. அதன் கருவியே பயிற்சி விமானித் திட்டம். நிறுவனம் இளைஞரைத் தேர்ந்தெடுத்து, தன் செலவில் பயிற்சியளித்து, குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்றுமாறு ஒப்பந்தத்தால் பிணைத்துக்கொண்டது. பத்து பெரண்டாமிலும் இத்தகைய பயிற்சி விமானிகள் பயின்றனர்.

இம்முறையில் வேலை முதலில் வந்தது. உரிமம் பின்னர் வந்தது. தேர்வு பெற்ற இளைஞரின் குடும்பம் கடன்பட வேண்டியதில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இதனினும் ஏற்ற வாயில் அமைவது அரிது. ஆனால் அவ்வாயில் திறந்திருந்த காலத்தில் தோட்டச் சமூகம் வேறு நெருக்கடிகளில் உழன்றுகொண்டிருந்தது. 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடல் பலரின் வேலையையும் குடியிருப்பையும் ஒருங்கே பறித்தது. அதற்கு எதிர்வினையாகவே துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். குடியுரிமையற்றோருக்கு வேலை அனுமதிச் சீட்டினைக் கட்டாயமாக்கிய 1968ஆம் ஆண்டுச் சட்டம், பல்லாயிரம் இந்தியர் நாடு திரும்பக் காரணமாயிற்று. 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்த மாணவர் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகப் பயின்றே இடைநிலைக் கல்வியைத் தொடர வேண்டியிருந்தது. 1970களில் பத்து பெரண்டாம் தடையற்ற வாணிப வட்டாரத்தில் எழுந்த மின்னணுத் தொழிற்சாலைகள் தோட்டத்து இளையோரை ஈர்த்தன. விமானத் திடலுக்கு அண்மையில் அவர்களுக்குத் திறந்த முதற்கதவு தொழிற்சாலையின் கதவே.

நகரத்து இந்தியக் குடும்பங்களிலிருந்து விமானிகள் தோன்றாமல் இல்லை. ஆசிரியர், கிராணி, மருத்துவமனை உதவியாளர், இரயில்வே ஊழியர் ஆகியோரின் ஆங்கிலம் கற்ற பிள்ளைகளுக்கு அக்கதவு ஓரளவு எட்டியது. தோட்டத்திற்கும் நகரத்திற்கும் இடையிலான இவ்வேறுபாட்டை மறந்து ‘இந்தியர்’ என்று ஒரே சொல்லால் கணக்கிடுவது வரலாற்றைத் திரித்துக் காட்டும்.

சொந்தச் செலவின் காலம்

2001இல் டோனி பெர்னாண்டசும் அவர்தம் கூட்டாளிகளும் ஏர் ஆசியா நிறுவனத்தை ஒரு ரிங்கிட்டுக்கு, அதன் ஏறத்தாழ 40 மில்லியன் ரிங்கிட் கடனோடு சேர்த்து வாங்கினர். அப்போது அதனிடம் இருந்தவை இரண்டு விமானங்களே. அடுத்து வந்த ஆண்டுகளில் மலிவுக் கட்டணச் சேவை பெருகியது. குறுகிய உடலமைப்புள்ள ஒரு விமானத்தை நாள் முழுதும் இயக்க ஐந்தாறு விமானி இணைகள் தேவை என்பது துறையினரின் பொதுக்கணக்கு. எனவே புதிய விமானம் ஒன்று வந்தால் பத்துக்கு மேற்பட்ட இருக்கைகள் உருவாகும். விமானப் பயிற்சிப் பள்ளிகளும் நாட்டில் பெருகின. நிறுவனத்தின் தேர்வுக்குக் காத்திராமல், சொந்தச் செலவில் உரிமம் பெற்றுப் பின்னர் வேலை தேடும் முறை பரவியது. வேலை முதலில், உரிமம் பின்னர் என்னும் ஒழுங்கு தலைகீழாயிற்று.

இக்காலத்திற்குள் தோட்டப்புறத் தமிழரின் அடுத்த தலைமுறை பட்டணத்துக் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்து, எஸ்.பி.எம். தேர்வில் அறிவியல் பாடங்களில் தேறத் தொடங்கியிருந்தது. கல்வித் தடையைக் கடந்து வந்தவர்களை எதிர்கொண்டது பணத் தடை. 2010களில் பயிற்சிக் கட்டணம் இரண்டு இலட்சம் ரிங்கிட்டைத் தாண்டியது. தீபகற்ப மலேசியாவில் 2013இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாத ஊதியம் 900 ரிங்கிட். அவ்வூதியம் பெறும் தொழிலாளி ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தாலும் இரண்டு இலட்சம் சேரப் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேலாகும். 1966இல் அமைக்கப்பெற்ற மாராவின் கல்விக் கடனுதவி பூமிபுத்ரா மாணவர்க்கு உரியது. 1984இல் தோன்றிய எம்.ஐ.இ.டி. போன்ற சமூக நிதியங்கள் பலதுறை மாணவர்க்கும் பகிர்ந்தளிக்க வேண்டியவை. ஆகவே வீட்டை அடகு வைத்தல், நிலத்தை விற்றல், உறவினரிடம் கைமாற்று வாங்கல் ஆகியவையே பின்தங்கிய குடும்பத்திற்கு எஞ்சிய வழிகள்.

காத்திருப்பின் விலை

உரிமம் பெற்றும் வேலை கிடைக்காத நாள்கள் வெறுமையாகக் கழிவதில்லை. அவற்றிற்கும் விலை உண்டு. முதல் வகுப்பு மருத்துவச் சான்றையும் கருவிவழிப் பறத்தல் தகுதியையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பட்டச் சான்றிதழ் பெட்டியில் கிடந்தாலும் கெடாது. விமானியின் தகுதியோ பயன்படுத்தாவிடில் காலாவதியாகும். அமெரிக்காவில் 2009இல் நேர்ந்த கோல்கன் விமான விபத்திற்குப் பின்னர், 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் கட்டாயமாக்கப்பட்டது. அங்குப் புதியவர்கள் பயிற்றுநராகவும் சிறு விமானச் சேவைகளிலும் பணியாற்றி அம்மணிகளைச் சேர்க்க இயலும். மலேசியாவில் விதி அத்துணைக் கடுமையானதன்று. ஆனால் இடைப்பட்ட வேலைகள் மிகச் சில. பெருநிறுவனத்தின் கதவு அடைபட்டால் புதிய விமானி ஒதுங்கி நிற்கத் திண்ணை இல்லை.

அக்கதவு எப்போது அடைபடும் என்பதைப் பயிற்சியில் சேரும் நாளில் எவரும் அறியார். பயிற்சிக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும். நிறுவனங்கள் விரிவடையும்போது சேர்ந்தவர், அவை சுருங்கும்போது வெளிவர நேரிடலாம். 2014இல் எம்.எச். 370, எம்.எச். 17 ஆகிய இரு பேரிழப்புகளைச் சந்தித்த மாஸ், 2015இல் மறுசீரமைப்பின்போது ஏறத்தாழ 20,000 ஊழியருள் 6,000 பேரைக் குறைத்தது. 2020 மார்ச் மாதத்தில் கோவிட் பெருந்தொற்றால் மூடப்பட்ட நாட்டு எல்லைகள் 2022 ஏப்ரல் முதல் நாளில்தான் முழுமையாகத் திறந்தன. இடைப்பட்ட ஈராண்டில் பணியிலிருந்த விமானிகளே வேலையிழந்தபோது புதிய உரிமதாரர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இக்கால இடைவெளி மலாக்கா மண்ணுக்குப் புதியதன்று. மலாயாவில் வணிக நோக்கில் ரப்பரை முதலில் பயிரிட்டவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் தொடங்கிய அவர், பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் அமைத்தார். ரப்பர்க் கன்று பால் தர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். நடும் நாளின் விலையை நம்பி நட்டவர், சீவும் நாளின் விலைக்கே விற்க வேண்டும். 1910இன் விலையேற்றத்தில் நடப்பட்ட மரங்களின் விளைச்சல் பெருகிய நிலையில் 1920இல் விலை வீழ்ந்தது. 1922இல் ஸ்டீவன்சன் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. 1930களின் பெருமந்தத்தில் தொழிலாளர் பெருந்தொகையினராகத் தமிழகத்திற்குத் திருப்பியனுப்பப்பட்டனர். நட்டவர்களுள் முதல் படைத்தோர் நல்ல காலத்திற்குக் காத்திருந்தனர். காத்திருக்க முதலில்லாதவர்கள் கப்பலேறினர்.

விமானப் பயிற்சியும் இத்தகைய பயிரே. வேறுபாடு ஒன்றுண்டு. ரப்பரில் தமிழர் உழைப்பை மட்டுமே இட்டனர். இங்கு உழைப்போடு முதலையும் இடுகின்றனர். சேமிப்புள்ள குடும்பத்துப் பிள்ளை தகுதிகளைப் புதுப்பித்தவாறு அடுத்த ஆள்சேர்ப்புக்குக் காத்திருப்பான். கடன்பட்ட குடும்பத்துப் பிள்ளை கிடைத்த வேலைக்குச் செல்வான். அவனது உரிமம் காலாவதியாகும். திறமையில் இருவரும் நிகரானவர்களாக இருத்தல் கூடும். எனவே முதல் வேலையில் வெளிப்படும் ஏற்றத்தாழ்வைத் திறமையின் அளவுகோலாகக் கொள்வது பிழையாகும்.

முடிவுரை

போர்க்காலத்தில் அரசும், அதன்பின் தேசிய நிறுவனமும் ஏற்ற இழப்பச்சத்தை இன்று பெரிதும் குடும்பமே ஏற்கிறது. நிறுவனம் ஏற்ற காலத்தில் தோட்டத் தமிழருக்குக் கல்வி போதவில்லை. கல்வி கைவந்த காலத்தில் சுமை குடும்பத்தின்மேல் வந்து விழுந்தது. இவ்விரு கால ஓட்டங்களின் முரணே மலாக்காத் தோட்டப்புறத்திற்கும் பத்து பெரண்டாம் ஓடுபாதைக்கும் இடையிலான உண்மைத் தொலைவாகும்.

இதிலிருந்து நடைமுறைப் பாடம் ஒன்றும் பெறலாம். சமூக நிதியங்கள் பயிற்சிக் கட்டணத்திற்கு மட்டும் உதவுவது பாதி உதவியே. உரிமம் பெற்ற பின்னுள்ள ஈராண்டுக் காத்திருப்பில் தகுதிகளைக் காக்க அளிக்கும் சிறுதொகை, முதலில் இட்ட பெருந்தொகையைக் காக்கும். பெற்றோரும் ‘உரிமத்திற்கு எவ்வளவு செலவாகும்?’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘வேலை கிடைக்கும்வரை எத்தனை ஆண்டு தாங்க முடியும்?’ என்றும் கேட்டறிதல் வேண்டும். கன்று நட்ட நாளிலேயே பால் வடியாது என்பதை மலாக்காத் தமிழருக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.