லேபிள் மாற்றிய மரியோ

திருப்பூர் காதர்பேட்டைக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய டி-சர்ட், கழுத்து லேபிள் வெட்டப்பட்டு, கடையில் குவிந்து கிடக்கும். துணியும் தையலும் அதேதான். லேபிள் இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. வீடியோ கேம் உலகிலும் இப்படி லேபிள் மாற்றி விற்ற சரக்கு ஒன்று உண்டு. அதுவும் சாதாரண சரக்கு இல்லை, சூப்பர் மரியோ பிரதர்ஸ் 2!

90களில் நம் ஊர்ப் பக்கம் டிவி கேம் என்றால் பெரும்பாலும் நின்டெண்டோவின் 8-பிட் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல் பெட்டிதான். கேசட்டைச் செருகினால் மரியோ, கான்ட்ரா. அந்த மரியோவுக்குத் தெரிந்த வேலை எதிரியின் தலையில் மிதிப்பது. ஆனால் அமெரிக்காவில் வந்த 2ஆம் பாகத்தில் மிதித்தால் ஒன்றும் ஆகாது. எதிரியின் தலைமேல் நின்று சவாரி போகலாம், அவ்வளவுதான். தரையில் முளைத்திருக்கும் காய்கறியைப் பிடுங்கி எறிய வேண்டும். கடைசி வில்லன் வார்ட்டையும் வாயில் காய்கறியைப் போட்டுத்தான் தோற்கடிக்க வேண்டும். (காய்கறி பிடிக்காத குழந்தைகள் கவனிக்க!)

ஏன் இப்படி? கதை ஜப்பானில் தொடங்குகிறது. 1985ல் முதல் மரியோ ஓடு ஓடென்று ஓடியது. 1986 ஜூனில் ஜப்பானில் 2ஆம் பாகம் வந்தது. முதல் பாகத்தின் சாயலிலேயே இருந்தது, ஆனால் படுகஷ்டம். அமெரிக்க நின்டெண்டோவில் விளையாட்டுகளைச் சோதித்துப் பார்க்கும் ஹோவர்ட் பிலிப்ஸுக்கு அது பிடிக்கவில்லை. ஆர்டர் கையில் இருக்கிறது, சாம்பிள் தேறவில்லை.

அந்த நேரத்தில் கைவசம் வேறொரு சரக்கு இருந்தது. ஃபுஜி தொலைக்காட்சி 1987ல் நடத்திய 'யூமே கோஜோ' என்ற கண்காட்சிக்காக, அதன் சின்னப் பாத்திரங்களை வைத்து 'டோக்கி டோக்கி பேனிக்' என்ற விளையாட்டு அதே ஆண்டு ஜூலையில் வந்திருந்தது. இயக்கியவர் கென்சுகே தனாபே. அதில் மரியோவே கிடையாது. இமாஜின், லினா, மாமா, பாப்பா என்று நான்கு பேர் கொண்ட குடும்பம். (நம் மாமாவும் பாப்பாவும் இல்லை, அவர்கள் அம்மாவும் அப்பாவும்.)

நால்வரின் உருவத்தையும் மாற்றினார்கள். இமாஜின் மரியோ ஆனான், மாமா லூயிஜி ஆனாள், லினா இளவரசி ஆனாள், பாப்பா டோட் ஆனார். மந்திர விளக்கு மருந்துக் குப்பி ஆனது. உயிரைக் கூட்டும் இதயங்கள் காளான்கள் ஆயின. பட்டனை அழுத்தினால் வேகமாக ஓடும் வசதியும் சேர்ந்தது. 1988 அக்டோபரில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்து, 70 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

அப்படியானால் இது போலி மரியோவா? அங்கேதான் சுவாரஸ்யம். தனாபே 2011ல் ஒரு பேட்டியில் இதன் மூலத்தைச் சொன்னார். இது முதலில் இரண்டு பேர் சேர்ந்து ஆட, மேல் நோக்கி ஏறிச் செல்லும் ஒரு சோதனை விளையாட்டாகத்தான் தொடங்கியதாம். பின்னாளைய மரியோ விளையாட்டுகளும் இதிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டன. லூயிஜி உயரமானதும் இளவரசி மிதப்பதும் இங்கிருந்துதான். ஷை கை, பர்டோ என்ற எதிரிகளும் நிரந்தரமாகத் தங்கிவிட்டார்கள். 1992ல் இதே விளையாட்டு 'சூப்பர் மரியோ யுஎஸ்ஏ' என்ற பெயரில் ஜப்பானுக்கே திரும்பிப் போனது. ஏற்றுமதியான சரக்கு புது லேபிளோடு ஊர் திரும்பிய கதை!

தோற்றது இமாஜின் குடும்பம்தான். உழைப்பு அவர்களுடையது, பெயர் மரியோவுக்கு. கடைசியில் திரையில் ஓடும் பட்டியலிலும் பாத்திரங்களின் பெயர்தான் வரும், செய்தவர்களின் பெயர் வராது. ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து இரவு ஷிப்ட் தைத்த கையின் பெயர் எந்த வெளிநாட்டு லேபிளிலும் வராதது போல.

லேபிளை வெட்டினாலும் தையல் அப்படியேதான் இருக்கும். நல்ல தையல் என்றால், எந்தப் பெயரில் விற்றாலும் வருஷக்கணக்கில் உழைக்கும். யார் தைத்தது என்று ஒருமுறையாவது கேட்பதுதான் வாங்குபவர் செய்யக்கூடிய மரியாதை.