டேலி ஆனால் யாரும் கைதட்டுவதில்லை

போன சனிக்கிழமை பையனின் பள்ளி ஆட்டத்தில் நாலு கோல் விட்டுவிட்டான். டொராண்டோ குளிரில் காரில் திரும்பும்போது, "அப்பா, இனிமே நான் கோல்கீப்பரா நிக்க மாட்டேன். ஜெயிச்சா கோல் போட்டவனைத் தூக்கிக்கிட்டு ஆடுறாங்க. தோத்தா எல்லாரும் என்னைத்தான் பாக்குறாங்க" என்றான்.

எனக்கு ஊரிகம் ஞாபகம் வந்துவிட்டது. கோலார் தங்கவயலில் சயனைடு மேட்டு ஓரம்தான் எங்கள் ஆட்டம். அங்கேயும் கோலில் நிற்க ஆள் கிடைக்காது. எங்கள் லைனில் பட்டாளத்திலிருந்து திரும்பிய தாத்தா ஒருவர், "டேய், தங்கராஜ் மாதிரி நில்லுடா!" என்று கத்துவார். யார் அந்தத் தங்கராஜ் என்று அப்போது நாங்கள் கேட்டதில்லை. பின்னால்தான் தேடிப் படித்தேன்.

பீட்டர் தங்கராஜ். 1935 டிசம்பர் 24ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். 1953ல் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரில் சேர்ந்தார். முதலில் அவர் ஆடியது சென்டர் ஃபார்வர்டாக! பிறகுதான் கோலுக்குப் போனார். 1955லும் 1958லும் அந்தப் பட்டாள அணி டூரண்ட் கோப்பையை வென்றது. 1956 மெல்போர்ன், 1960 ரோம் என்று இரண்டு ஒலிம்பிக் அணிகளில் இருந்தார். கல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்கும் ஆடினார். 1967ல் அர்ஜுனா விருது.

ஆனால் பையனுக்கு நான் சொன்னது 1962 ஜகார்த்தா கதையைத்தான். ஆசிய விளையாட்டுப் போட்டி. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. நடுவில் தங்கராஜ் ஃப்ளூவில் படுத்துவிட, பிரத்யுத் பர்மன் கோல் காத்தார். செப்டம்பர் 4, இறுதி ஆட்டம். மறுபடியும் அதே தென்கொரியா. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா விசா மறுத்ததை நம் ஊர் ஜி.டி. சோந்தி கண்டித்திருந்ததால் அரங்கமே நம்மவர்களுக்கு எதிராகக் கூச்சல் போட்டது. பயிற்சியாளர் ரஹீம் கோலில் தங்கராஜை நிறுத்தினார். பி.கே. பானர்ஜி ஒரு கோல், தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோல். அதன் பிறகு கொரியாவால் கடைசி நேரத்தில் ஒன்றே ஒன்றுதான் திருப்ப முடிந்தது. 2-1. தங்கம்! அதற்குப் பிறகு கால்பந்தில் அந்தத் தங்கம் இன்றுவரை நமக்குக் கிடைக்கவில்லை.

கோல் போட்ட இருவர் பெயரும் பலருக்குத் தெரியும். தங்கராஜ்? ஆடி முடித்தபின் பொகாரோ எஃகு நகரில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். 2008 நவம்பர் 24ல் அங்கேயே காலமானார். அதுவும் எங்கள் தங்கவயல் மாதிரி கம்பெனி கட்டிய ஊர்தான். எங்கள் ஊரிலும் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் இறங்கியவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. 2001 பிப்ரவரி 28ல் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள்.

வங்கியில் கேஷியர் பாடும் இதேதான். சாயங்காலம் டேலி ஆனால் யாரும் கைதட்டுவதில்லை, பத்து ரூபாய் குறைந்தால்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்காக கவுன்ட்டரை விட்டு எழுந்து போக முடியுமா?

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பையன் பேசாமல் இருந்தான். வீட்டு வாசலில் இறங்கும்போது ஒன்று மட்டும் கேட்டான்: "அவரும் முதல் ஆட்டத்துல தோத்தாங்களாப்பா?"

"ஆமாண்டா. அதே டீம்கிட்டதான்."

இந்தச் சனிக்கிழமை மறுபடியும் ஆட்டம் இருக்கிறது. கையுறைகள் ஹீட்டர் மேல் காய்கின்றன.